குடு வேட்டைக்கு 8,000 டாலர் போதுமா?

வெள்ளைவால்_டெக்சஸ்:
இங்கே டெக்சஸில் பல வருடமாக மான் வேட்டைக்குப் போகிறேன். அடுத்த வருடம் ஆப்பிரிக்கா போய் ஒரு குடு (முறுக்குக் கொம்புள்ள பெரிய மான்) அடிக்க ஆசை, முடிந்தால் கூடவே ஜெம்ஸ்பாக், இம்பாலா, ஸ்பிரிங்பாக் என்ற மற்ற மான்களும். மனைவியும் வருகிறாள், சுட மாட்டாள். டிக்கெட் சேர்த்து 8,000 டாலர்தான் பட்ஜெட். நமீபியாவா, தென்னாப்பிரிக்காவா? என் .30-06 ரைஃபிளைக் கொண்டு போகலாமா?

முள்காடு:
நாலும் நடக்காது நண்பரே. முதலில் தினக்கட்டணம்: தங்கல், சாப்பாடு, வண்டி, தடம் பார்ப்பவர், கூடவே வரும் லைசென்ஸ் உள்ள வேட்டைக்காரர் (எல்லோரும் பி.ஹெச். என்பார்கள்) எல்லாம் அதில் அடக்கம், நான் பார்த்த விலைப்பட்டியல்களில் நாளுக்கு 350 முதல் 450 வரை, சுடாமல் வருபவருக்கு 150 போல. அப்புறம் விலங்குக்குத் தனி விலை, குடுவுக்கு மட்டும் 2,000 முதல் 3,000. ஐந்து நாளுக்கு உங்களுக்கு 2,000, வீட்டம்மாவுக்கு 750, குடு 2,500, இரண்டு டிக்கெட் 3,000 என்று வையுங்கள், அங்கேயே 8,250 ஆகிவிட்டது, டிப்ஸ் இன்னும் சேரவில்லை. தனியாகப் போனால் இம்பாலாவும் சேர்த்து இதற்குள் முடியும். இல்லாவிட்டால் பேக்கேஜ் தேடுங்கள், ஆனால் வாட் வரி 15 சதவீதம் அதில் சேர்ந்ததா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, ரத்தம் சிந்தினால் பணம். அடிபட்டு ஓடி மறைந்துவிட்டாலும் முழு விலை கொடுத்தாக வேண்டும்.

கொம்புக்காரன்:
சுட்ட பிறகு வரும் செலவை யாரும் சொல்வதில்லை. தோலையும் மண்டையையும் சுத்தம் செய்து மருந்தில் முக்கி, பெட்டி அடித்து, விமானத்தில் ஏற்றி, இங்கே ஏஜென்ட் வைத்து எடுத்து, அப்புறம் பாடம் செய்பவருக்குக் கொடுக்க வேண்டும். சில சமயம் இதுவே குடுவின் விலையைத் தாண்டும். இறைச்சி அங்கேயேதான், கொண்டுவர முடியாது. எனக்குக் கேட்டால் மண்டையோடும் கொம்பும் மட்டும் போதும். நல்ல குடுவின் கொம்பு முறுக்கோடு அளந்தால் நாலடிக்கு மேல் வரும், தலையோடு மாட்ட எட்டடிக் கூரையுள்ள வீட்டில் எங்கே இடம் இருக்கிறது?

முள்காடு:
ரைஃபிளைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். .30-06 குடுவுக்குத் தாராளம். கிளம்பும் முன் அமெரிக்கச் சுங்கத்தில், ரைஃபிள் இங்கிருந்து கொண்டு போனதுதான் என்று காட்டும் 4457 படிவம் முத்திரை போட்டு வாங்குங்கள், தென்னாப்பிரிக்கா என்றால் துப்பாக்கியைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுவர அவர்கள் போலீஸின் 520 படிவமும் வேண்டும். நமீபியாவில் துப்பாக்கிப் பேப்பர் வேலை குறைவு, ஆனால் 2025 ஏப்ரல் முதல் அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கும் விசா கேட்கிறார்கள். மூன்று கால் குச்சியில் வைத்து நின்றபடி சுட்டுப் பழகுங்கள், அங்கே மறைவுக் கூண்டில் உட்கார்ந்து காத்திருப்பது குறைவு, நடைதான். முன்சப்பைக்குப் பின்னால் குறிவைக்கும் டெக்சஸ் பழக்கத்தையும் விடுங்கள், ஆப்பிரிக்க மான்களுக்கு இதயம் இன்னும் முன்னால், கீழே இருக்கிறது. முன்னங்காலுக்கு நேராக, உடம்பில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வையுங்கள்.

வெள்ளைவால்_டெக்சஸ்:
சரி, குடுவும் இம்பாலாவும் மட்டும். மனைவியிடம் இன்று பேச வேண்டும். எந்த மாதம் நல்லது?

கொம்புக்காரன்:
ஜூன் முதல் ஆகஸ்ட். இலை உதிர்ந்து புதருக்குள் நிற்பது தெரியும். விடிகாலையில் திறந்த வண்டியில் பல் தந்தியடிக்கும், தடித்த ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்கா என்றால், மலேரியா பயம் இருந்தால் லிம்போபோ மாகாணம் வேண்டாம், ஈஸ்டர்ன் கேப் மாகாணம் போங்கள்.