கோயாவும் ஒசுனா குடும்பமும்: பாசமா, சம்பள வேலையா?

கரிக்கோடு:
ஸ்பெயின் ஓவியர் கோயா வரைந்த ‘ஒசுனா டியூக் குடும்பம்’ படத்தை (1787–88, இப்போது மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில்) போன வாரம் இங்கே ஒருவர் “குடும்பப் பாசத்தின் உச்சம்” என்று பதிந்திருந்தார். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. டியூக், அவர் மனைவி மரியா ஹோசெஃபா, இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள். ஆறு பேருக்கும் ஒரே கண். கறுப்பு மணியை வாங்கிப் பதித்த மாதிரி. அம்மா பிள்ளையைப் பார்க்கவில்லை, பிள்ளை அம்மாவைப் பார்க்கவில்லை. எல்லாரும் நம்மை முறைக்கிறார்கள். பின்னால் இருப்பது சுவரா வானமா என்றே தெரியாத சாம்பல் பச்சை. கொலுப்படியில் இறக்கி வைத்த பொம்மைகள் இதைவிட உயிரோடு இருக்கும். காசு கொடுத்தார்கள், வரைந்தார். அவ்வளவுதான்.

நெய்விளக்கு:
கண்ணைச் சொன்னீர்கள், சரி. கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்கள் சார். மூத்த பையன் அடுத்த டியூக். அந்தக் காலத்து வழக்கப்படி அவனுக்குக் குட்டிச் சீருடை மாட்டி, இடுப்பில் வாள் சொருகி நிறுத்தியிருக்க வேண்டும். இங்கே அவன் ஒரு குச்சியைக் கால் இடுக்கில் வைத்துக் குதிரை ஓட்டுகிறான். சின்னவன் தரையில் மெத்தைமேல் உட்கார்ந்து பொம்மை வண்டிக் கயிற்றைப் பிடித்திருக்கிறான். அப்பா லேசாகக் குனிந்து பெண்ணின் கையைப் பிடித்திருக்கிறார்.

இன்னொன்று. டியூக்கின் அப்பா இறந்தது 1787இல். இவர் அப்போதுதான் ஒன்பதாவது டியூக் ஆகியிருக்கிறார். ஸ்பெயினின் மிகப் பெரிய பிரபுக் குடும்பங்களில் ஒன்று. பட்டத்துக்கு வந்த கையோடு வரையச் சொல்லும் படத்தில் தூண் வேண்டும், வெல்வெட் திரை வேண்டும், குலச் சின்னம் வேண்டும். எதுவும் இல்லை. முன்பு பிறந்த குழந்தைகளைப் பறிகொடுத்த தம்பதி இவர்கள். மிஞ்சிய நான்கையும் ஒரு படத்தில் சேர்த்து வைத்துக்கொண்டார்கள் என்றுதான் நான் படிக்கிறேன்.

கரிக்கோடு:
திரை இல்லாததே ஒரு திரைதான், தோழர். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோவைப் படித்துவிட்டு “பிள்ளைகளை விளையாட விடு, தாயே வளர்க்கட்டும்” என்பது அன்றைய மேட்டுக்குடி மோஸ்தர். அதே 1787இல் மாட்ரிட் பொருளாதாரச் சங்கத்தின் பெண்கள் பிரிவு தொடங்குகிறது; அதன் முதல் தலைவி இந்த அம்மாள்தான். அவர் தாராளமாகச் செய்த நல்ல காரியங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் படம் சொல்வது “பாருங்கள், நாங்கள் எவ்வளவு முற்போக்கு” என்பதை. தாத்தா காலத்தில் வாள், பேரன் காலத்தில் குச்சிக் குதிரை. இரண்டுமே விளம்பரம்.

வரைந்தவர் மட்டும் என்ன? 1786இல் அரசருக்கு ஓவியர் வேலை கிடைத்ததுமே இரண்டு சக்கர வண்டி ஒன்று வாங்கி, ஓட்டிப் பார்க்கப்போய்க் குடை சாய்ந்து விழுந்தவர். ஊர் நண்பர் சபாத்தேருக்கு அவரே கடிதத்தில் எழுதியது இது. மேலே ஏறத் துடித்த மனிதர். பெரிய வீட்டுக்குப் பிடிக்காத படத்தையா போடுவார்?

வழிப்போக்கன்:
ரெண்டு பேருமே கோயாவைக் குறைச்சு எடை போடுறீங்க. அவர் பிரபுக்களை நக்கலடிச்ச ஆளு. 1800இல் வரைஞ்ச ‘நான்காம் கார்லோஸ் குடும்பம்’ பாருங்க. ராணி முகத்தைப் பார்த்தாலே தெரியும். அவங்களுக்குப் புரியாத மாதிரி கேலி பண்ணிட்டுப் போயிட்டார்.

நெய்விளக்கு:
இந்தக் கதையை எத்தனை தடவை கேட்பது! அரண்மனைக்காரர்களுக்குக் கண் தெரியாதா? கோயா முதலில் ஒவ்வொருவரையும் நேரில் உட்கார வைத்துத் தனித்தனியாக மாதிரி வரைந்தார். அவற்றில் சில இன்றும் பிராடோவில் இருக்கின்றன. எல்லாம் அச்சு அசலாக வந்திருக்கிறது என்று ராணி சந்தோஷமாகத் தன் நம்பிக்கைக்குரிய கோதோய்க்கு எழுதினார். முந்தைய ஆண்டுதான் கோயா தலைமை அரசவை ஓவியர் ஆகியிருந்தார், சம்பளம் ஆண்டுக்கு 50,000 ரியால். கேலியை நாம்தான் பின்னாளில் ஏற்றினோம்.

கரிக்கோடு சாருக்கு: கூலி வேலை என்றால் இதற்கு என்ன சொல்வீர்கள்? 1798இல் இதே ஒசுனா வீட்டார் தங்கள் அலமேதா தோட்ட மாளிகைக்குச் சூனியக்காரிகள், பேய்கள் என்று ஆறு படங்களை 6,000 ரியாலுக்கு வாங்கினார்கள். ஆட்டுக்கடாவைச் சுற்றிக் கிழவிகள் குழந்தைகளைத் தூக்கி நீட்டும் படம் அதில் ஒன்று. கோயாவின் ‘காப்ரிச்சோஸ்’ என்ற கேலி அச்சுப்படத் தொகுப்பு கடைக்கு வருவதற்கு முன்பே, 1799 ஜனவரியில், நான்கு பிரதி எடுத்துக்கொண்டார்கள். அந்த 80 படங்களில் ஒன்றில் கோட்டு போட்ட கழுதை தன் வம்சாவளிப் புத்தகத்தைத் திறந்து காட்டுகிறது. பக்கம் முழுக்கக் கழுதைகள். பரம்பரைப் பெருமையில் ஊறிய ஒரு வீடு அதைக் காசு கொடுத்து நான்கு வாங்குகிறது!

கரிக்கோடு:
பக்கத்து வீட்டுக் கழுதை என்று நினைத்துத்தான் வாங்கியிருப்பார்கள். தன்னைச் சொல்கிறான் என்று யார் நினைப்பார்? பொதுமக்களுக்கு அதே தொகுப்பு வாசனைத் திரவியமும் மதுவும் விற்ற கடையில் 320 ரியால். விற்றது 27 பிரதிதான். 1803இல் கோயா அச்சடித்த செப்புத் தட்டுகளையும் மீந்த 240 தொகுப்புகளையும் அரசரிடமே கொடுத்துவிட்டு மகனுக்கு உதவித்தொகை வாங்கிக்கொண்டார். யாரைக் கேலி செய்தாரோ அவர்கள் தயவில்தான் கடைசியில் கேலியும் நின்றது.

வழிப்போக்கன்:
சரி, அந்தக் குடும்பம் அப்புறம் என்னாச்சு?

நெய்விளக்கு:
குச்சிக் குதிரைக்காரன் பத்தாவது டியூக் ஆனான். பன்னிரண்டாவது டியூக் மரியானோ, ரஷ்யாவில் தூதராக இருந்து சொத்தை வாரி இறைத்து, 1882இல் மலை அளவு கடனோடு செத்தார். 1896இல் வீட்டுச் சேகரிப்பு ஏலத்துக்குப் போயிற்று. சூனியக்காரிகள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். இந்தக் குடும்பப் படத்தை மட்டும் வாரிசுகள் 1897இல் நாட்டுக்கே கொடுத்தார்கள்.

வண்டிக் கயிறு பிடித்திருந்த சின்னவன் இருக்கிறானே, பெத்ரோ, 1820இல் பிராடோவின் இயக்குநராகவே ஆனான். மூன்று ஆண்டு.

கரிக்கோடு:
இது எனக்குத் தெரியாது. படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். கயிற்றைக் கொஞ்சம் அலட்சியமாகத்தான் பிடித்திருக்கிறான், விட்டால் எழுந்து ஓடிவிடுவான் போல. சின்னவனை மட்டும் உங்களுக்கு விட்டுத் தருகிறேன். அம்மாவின் கண் கண்ணாடி மணிதான், அதில் மாற்றமில்லை.