பழவேற்காடு ஏரியில் இறாலுக்கு விலை வந்த கதை

தடாவுக்குத் தெற்கே ஆரம்பாக்கம் எங்கள் ஊர். மீனவர் குடும்பம் இல்லை. அப்பா ஐஸ் வியாபாரம், ஐஸ் கட்டி ஏற்றிக்கொண்டு பழவேற்காடு போவார், வரும்போது இறால் பெட்டி. அந்தப் பழக்கத்தில் ஏரியின் தமிழ்நாட்டுப் பக்கமும் ஆந்திரப் பக்கமும் நமக்கு ஆட்கள் உண்டு.

பழவேற்காடு என்றாலே 1613இல் டச்சுக்காரன் கட்டிய கோட்டை, பூநாரை என்று போட்டோ போடுகிறார்கள். டச்சுக்காரன் துணி வாங்க வந்தான், அதை விடுங்கள். ஊரை மாற்றியது வெள்ளை இறால்.

ஏரிக்கரையில் இருக்கிற கோட்டைக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் அப்பாவிடம் பேசும்போது கூடவே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஐஸும் ரோடும் சரியாக இல்லாத காலத்தில் இறால் மிஞ்சினால் காயப்போட வேண்டியதுதான். எழுபதுகளில் ஏற்றுமதிக்கு ஆள் வர ஆரம்பித்ததும் ஏஜென்ட் முன்பணம் கொடுத்துவிட்டு, "பிடிக்கிறது எல்லாம் எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போவானாம்.

அங்கே பாடு என்று ஒரு முறை உண்டு. ஆரணி ஆறு ஏரியில் சேர்ந்து முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிற பக்கத்தில், நீரோட்டம் நல்லா இருக்கிற இடங்களில்தான் சுத்து வலை கட்ட முடியும். அந்த இடங்களை நடுவூர்மாதாகுப்பம், கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம் மூன்று ஊரும் முறைவைத்து, சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவனுக்கு அடுத்த முறை வேறு இடம். வெளியிலிருந்து வருகிறவர்கள் இதைச் சமத்துவம் என்று புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை. முறை இருந்தது அந்த ஊர்த் தலைக்கட்டுகளுக்கு மட்டும்தான். இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடித்து, வாயில் கடித்துப் பிடித்த பறிக்கூடையில் போடுவார்கள், அவர்களுக்கு எந்தச் சீட்டிலும் பேர் கிடையாது. இறாலுக்கு விலை இல்லாத வரைக்கும் இது பெரிய பேச்சாக இல்லை. விலை ஏறினதும் முறை இல்லாத ஊர்க்காரர்களும் வலையோடு வந்துவிட்டார்கள், அப்புறம் பஞ்சாயத்து, அடிதடி, போலீஸ்.

ஆந்திரப் பக்கம் வேறு கதை. தடா, சூளூர்பேட்டைக் கரையில் பட்டப்பு மீனவர்கள் வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு. பீமுனிவாரிபாளையத்தில் அப்பாவுக்குப் பழக்கமான ஒருத்தரிடம், ஏரியில் பெரும்பங்கு உங்களிடம்தானே இருக்கிறது, எதற்குத் தெற்கே வந்து வம்பு வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். "பங்கு இருந்து என்ன தம்பி, வெயில் வந்தா வடக்கே பாதி சேறு, தண்ணி ஆழம் எல்லாம் முகத்துவாரத்துப் பக்கம், மீன் அங்கதான நிக்கும்" என்றார். எல்லை தாண்டி வந்த படகைப் பிடித்து வைக்கிறது, ஆளைக் கூட்டிப் போகிறது எல்லாம் இந்த ஆழத்துக்காகத்தான். ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் வந்தபோது தீவிலிருந்த ஊர்களையும் காலி செய்தார்கள், ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்பதும் சேர்ந்துகொண்டது.

தொண்ணூறுகளில் நெல்லூர் பக்கம் எங்கே பார்த்தாலும் இறால் குட்டை. குட்டைத் தண்ணீர் ஏரியில் விழுகிறது என்று சண்டை, கடைசியில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிலிக்கா, பழவேற்காடு ஏரிகளைச் சுற்றி 1000 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்த பிறகும் அப்பாவின் ஐஸ் வண்டி குட்டைகளுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது, எந்தக் குட்டை 1000 மீட்டருக்குள், எது வெளியே என்று ஐஸ்காரன் அளந்து பார்க்கவா முடியும்?

இப்போது தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தால்தான் எல்லாம் போச்சு என்கிறார்கள். துறைமுகம் வேறு கணக்கு, ஆனால் ஏரிக்குள் ஆளுக்கு ஆள் முறைத்துக்கொண்டது அதற்கு ரொம்ப முன்னாலேயே, இறால் ரேட்டோடு வந்தது. முகத்துவாரம் மணல் மூடுகிற வருஷங்களில் வரத்து குறையும், அப்போது நண்டு வியாபாரம்தான் கைகொடுக்கிறது, உயிரோடு கால் கட்டிச் சென்னைக்கு அனுப்புகிறார்கள்.

சூளூர்பேட்டை, தடா பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால் உங்கள் கரையில் பாடு மாதிரி முறை எப்படி ஓடியது என்று எழுதுங்கள். எனக்குத் தெற்குக் கரைதான் அதிகம் தெரியும்.