ஸ்லைடிங் கேட்டுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

காரைக்குடி, வெல்டிங் பயிற்றுநர்:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் பயிற்சி நிலையத்தில் இந்தப் பருவம் பிள்ளைகள் செய்யப்போவது வீட்டு கேட். கார் நுழையும் வாசலுக்கு எந்த வகை ஒத்துவரும், எப்படிப் பொருத்துவது என்று நாலு பக்கக் குறிப்பு எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சொற்கள்தான் இன்னும் படியவில்லை.

12 அடி வாசலுக்கு இரட்டைக் கதவு போட்டால், ஒவ்வொன்றும் உள்ளே திறக்க ஆறடி வேண்டும். கார் நிற்கும் இடம் அதில் போய்விடும். வாசலிலிருந்தே தரை மேலே ஏறும் வீடுகளில் கதவின் அடி சரிவில் தட்டும். தெருப் பக்கம் திறப்பதோ நடப்பவர்களுக்கு ஆபத்து. அங்கெல்லாம் தண்டவாளத்தில் பக்கவாட்டில் ஓடும் ஸ்லைடிங் கேட்தான். ஆனால் பக்கச் சுவரை ஒட்டி இன்னொரு 12 அடிக்கு மேல் காலியாக வேண்டும். இந்த இரண்டு வகைக்கும் பெயர் வேண்டும். பெரிய கதவுக்குள் ஆள் நுழையும் சின்னக் கதவு, மோட்டார் பற்சக்கரம் கடிக்கும் பல்வைத்த நீளச் சட்டம், அப்புறம் தண்டவாளத்தின் கோடியில் வைக்கும் ஸ்டாப்பர், இவற்றுக்கும் வேண்டும்.

கடைசிச் சொல்லைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன். முந்நூறு கிலோ கதவு ஒன்று சாய்ந்ததை நேரில் பார்த்தவன் நான். "ஸ்டாப்பர அப்புறம் வச்சுக்கலாம்" என்று வேலைசெய்தவர் போய்விட்டார். மாலையில் வீட்டுக்காரர் வேகமாகத் தள்ள, மேலே பிடித்திருந்த உருளைகளைத் தாண்டி ஓடிய கதவு அப்படியே தெருவில் விழுந்தது. ஐந்து நிமிடம் முன்னால் அங்கே இரண்டு பிள்ளைகள் சைக்கிளோடு நின்றிருந்தார்கள்.

சென்னை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, சின்னக் கதவுக்குத் தேடவே வேண்டாம். திட்டிவாசல். கோட்டைக் கதவிலும் கோபுரக் கதவிலும் இருப்பது அதுதான். பல்வைத்த சட்டம் பற்சட்டம். பல் முன் வல்லினம் வந்தால் ல் ற் ஆகும், பற்சக்கரம்போல.

இரட்டைக் கதவுக்கு நெடுநல்வாடையைப் பாருங்கள். அரண்மனை வாயிலைச் சொல்லும்போது நக்கீரர் 'துணைமாண் கதவம்' என்கிறார். பரு இரும்பு பிணித்து, செவ்வரக்குப் பூசிய கதவு. கம்மியன் முடுக்கியதில் 'புரைதீர்ந்து' நின்றதாம். புரை என்றால் இடைவெளி. பற்சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே விடும் இடைவெளிக்கு அந்தச் சொல்லையே எடுக்கலாம்.

கதவு என்பதே கதுவு, அதாவது பற்று என்னும் வினையிலிருந்து வந்தது என்பது என் கருத்து. நிலையைப் பற்றி நிற்பதால் கதவு. வடமொழிக் கபாடத்திலிருந்து வந்தது என்பாருக்கு விரிவாகத் தனிமடலில் எழுதுகிறேன்.

கோவை, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, புரை வேண்டாம். கண்ணில் புரை, பல்லில் புரை என்றுதான் இன்று காதில் விழும். கதவின் எடை மோட்டார் சக்கரத்தில் ஏறக்கூடாது, அதற்காக இரண்டு மில்லி விட வேண்டும் என்பதுதான் விஷயம். 'இரண்டு மில்லி இடைவெளி' என்று எழுதினால் யாருக்கும் புரியும்.

ஸ்லைடிங்குக்கு இழுகதவு எப்படி? இழுப்பறை என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.

யாழ்ப்பாணம்:

வணக்கம். நீங்கள் கதவு, கதவு என்று எழுதுவதுதான் எனக்கு இடிக்குது. கதவு வீட்டுக்கு. வளவுக்கு, அதாவது வீட்டைச் சுற்றியுள்ள நிலத்துக்கு, படலை. ஓலைப் படலை போய் இரும்பு வந்து பலர் கேற் என்கிறார்கள், சரி, ஆனால் "படலையைச் சாத்திவிட்டு வா" என்று இன்றைக்கும் சொல்லுகிறோம். தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் படல் உண்டுதானே? வீட்டுக் கதவுக்கும் வெளிவாசலுக்கும் வேறு வேறு சொல் வைத்திருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்?

கோலாலம்பூர்:

இங்கே மோட்டார் இல்லாத வீடு குறைவு. எல்லாரும் ஆட்டோகேட் என்போம். தானியங்கி என்று சொல்லப்போனால் அப்பர் பாடித் திறக்க, சம்பந்தர் பாடி அடைத்த மறைக்காட்டுக் (வேதாரண்யம்) கோயில் கதவுதான் நினைவுக்கு வருகிறது. அந்தத் திறப்பையும் அடைப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரில் கதவு எங்கே நிற்க வேண்டும் என்று அமைப்பதற்குத் திறப்பெல்லை, அடைப்பெல்லை என்று வைக்கலாம்.

காரைக்குடி:

திட்டிவாசல், பற்சட்டம், இரண்டு எல்லைகள் எடுத்துக்கொண்டேன். நன்றி.

படலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இங்கே பிள்ளைகளுக்குப் படல் என்றால் ஆட்டுக்கிடைதான்.

இழுகதவை இன்று வகுப்பில் சோதித்தேன். படம் காட்டாமல் சொல்லை மட்டும் சொல்லி, தரையில் சாக்பீஸால் வரையச் சொன்னேன். பாதிப் பேர் கீல்வைத்த கதவை வரைந்து கைப்பிடி போட்டார்கள். ஏனென்று கேட்டால், கடைக் கண்ணாடிக் கதவில் 'இழுக்கவும்' என்று எழுதியிருக்கிறதே என்கிறான் ஒருவன். அவன் சொல்வது நியாயம். தள்ளுகதவுக்கும் இதே கதிதான்.

கீல்வகையில் ஒரு நல்ல சொல் கிடைத்தது. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் மரக்கதவு குடுமியில் சுற்றும். கதவின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் முனைதான் குடுமி. கீழ்முனை கல்குழியில் உட்காரும். கனமான இரும்புக் கதவுக்கு நாங்கள் செய்வதும் அதேதான். குழாயின் அடியில் ஒரு இரும்புக் குண்டு, கொஞ்சம் கிரீஸ், ஒரு விரலால் தள்ளினால் சுற்றும். குடுமிக் கதவு என்றதும் மேலப்பட்டறைக்காரர் மகன் புரிந்துகொண்டான்.

சென்னை:

குடுமி மிக நன்று. ஸ்லைடிங்குக்கு நகர்கதவு என்பேன். வினைத்தொகை: நகர்ந்த, நகர்கின்ற, நகரும் கதவு. ஊறுகாய்போல வல்லினம் மிகாது. க் போட்டு நகர்க்கதவு என்றால் நகரத்தின் கதவு ஆகிவிடும், நகர்ப்புறம்போல. சங்க இலக்கியத்தில் நகர் என்றால் மாளிகை என்றும் பொருள் உண்டு. ஆகவே க் இட்டால் மனையின் கதவு, இடாவிட்டால் நகரும் கதவு. இரண்டும் நம் பொருளுக்கே வந்து சேர்கின்றன!

கோவை:

ஒரு க் இருக்கிறதா இல்லையா என்று பார்த்து யார் பொருள் பிரிப்பார்கள் ஐயா? வெல்டர் வாயில் அந்த வேறுபாடே நிற்காது. சறுக்குகதவு என்றாலாவது என்ன செய்கிறது என்று தெரியும்.

காரைக்குடி:

சறுக்கினால் விழும் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள் அம்மா. நான் வராமல் பார்த்துக்கொள்ள நினைப்பதே அது. ஸ்டாப்பருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லையே?

யாழ்ப்பாணம்:

தேருக்குப் போடுவது என்ன? முட்டுக்கட்டை.

காரைக்குடி:

அதுதான்! தேர்ச் சக்கரத்துக்கு முட்டு கொடுப்பதைப் பார்க்காத பையன் என் வகுப்பில் இல்லை. தண்டவாளக் கோடியில் வைப்பதால் கோடிமுட்டு. மோட்டார் வாங்குவதற்கு முன்னால், பெயின்ட் அடிப்பதற்கு முன்னால், கதவைத் தண்டவாளத்தில் ஏற்றிய அன்றே இரண்டு கோடியிலும் கோடிமுட்டைப் பற்றவைக்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன்.

ஸ்லைடிங்குக்கு நேரம் முடிந்துவிட்டது. நகர்கதவுக்கு நாலு பேர், சறுக்குகதவுக்கு இரண்டு, படலைக்கு ஒருவர். நகர்கதவு என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் 'பட்டறையில் ஸ்லைடிங் கேட் என்பார்கள்' என்று ஒரு வரி இருக்கும்.

யாழ்ப்பாணம்:

நான் இங்கே பெடியளுக்குக் கொடுக்கும்போது நகர்படலை என்று மாற்றித்தான் கொடுப்பேன். கோடிமுட்டை மாற்றமாட்டேன்.

காரைக்குடி, வெள்ளி மாலை:

அச்சகத்திலிருந்து படி வந்தது. பிழை பார்த்தவர் எல்லா இடத்திலும் க் சேர்த்து நகர்க்கதவு ஆக்கியிருந்தார். ஒவ்வொன்றாக அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கோவை:

இதைத்தான் அன்றே சொன்னேன். அடுத்த பதிப்புக்காவது சறுக்குகதவை நினைவில் வையுங்கள்.