அப்டேட்: தாத்தாவோட லாஞ்சின்ஸ் வாட்ச் ஒரிஜினலா? பதில் கிடைச்சிடுச்சு

தாத்தாவோட சாவி குடுக்கிற லாஞ்சின்ஸ் ஒரிஜினலா டூப்பானு போன மாசம் கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பின்மூடியைத் திறந்து மெஷின்மேல இருக்கற சீரியல் நம்பரைப் பாருன்னு ஒருத்தர் சொன்னாரே, அதான் வேலைக்கு ஆச்சு. வாட்ச் ரிப்பேர்காரர் திறந்ததும் றெக்கை வெச்ச மணற்கடிகார முத்திரை (லாஞ்சின்ஸ் கம்பெனி 1889ல பதிவு பண்ண லோகோ), கூடவே 12.68இசட்னு மெஷின் நம்பர், சீரியல் எல்லாம் பளிச்சுனு இருந்துச்சு. அதை போட்டோ எடுத்து சுவிஸ்ல செயின்ட் இமியேல இருக்கற கம்பெனிக்கே மெயில் போட்டேன், பழைய லெட்ஜரைப் பாத்து 1951ல அனுப்பின ஸ்டீல் வாட்ச்னு பதில் வந்துச்சு.

எதிர்பாக்காதது டயல்தான். பின்னாடி யாரோ மறுபெயிண்ட் அடிச்சிருக்காங்க! அதுக்கு அடையாளம், 6 பக்கத்துல நிமிஷக் கோடுங்க சின்ன செகண்ட் வட்டத்து மேலயே ஏறி நிக்குது, இத்தனை வருஷமா கண்ணுல படல. பழைய வாட்ச் சேக்கறவங்ககிட்ட நல்ல ரேட் போகாதாம், போகட்டும், விக்கிற ஐடியாவே இல்ல.