வேலூர் கோர்ட்டா, சென்னை ஆய்வு வேலையா? மனித உரிமைப் பக்கம் போக நினைக்கும் ஜூனியருக்கு எது சரி?

குடியாத்தம்_கவி:
எல்லாருக்கும் வணக்கம். வேலூர் அரசு சட்டக் கல்லூரியில் முடித்து இப்போதுதான் என்ரோல் ஆகியிருக்கேன். கைதிகள் உரிமை, போலீஸ் காவல், இலவச சட்ட உதவி, இதில்தான் வேலை செய்யணும்னு ஆசை. சத்துவாச்சாரி கோர்ட்டில் கிரிமினல் கேஸ் பார்க்கிற ஒரு சீனியர் வக்கீல் ஜூனியரா வரச் சொல்றார், சம்பளம் பற்றி வாயே திறக்கலை. சென்னையில் ஒரு அமைப்பு சிறைச் சீர்திருத்த ஆய்வுக்கு ஒரு வருஷ ஒப்பந்தம் தருது, மாசா மாசம் பணம் வரும். அப்பாவுக்கு லுங்கித் தறிதான் வருமானம். சண்டை போட்டுக்கிட்டாலும் பரவாயில்லை, காரணத்தோட சொல்லுங்க.

கோட்டை_வக்கீல்:
கோர்ட்டுக்கு வாம்மா. மனித உரிமைன்னு மேலே எழுதி எந்தக் கேஸ்கட்டும் வராது. ராத்திரி மாஜிஸ்ட்ரேட் வீட்டு வாசல்ல ரிமாண்டுக்கு ஒருத்தனைக் கொண்டாந்து நிறுத்துவாங்க. கைது நேரம்னு என்ன போட்டிருக்கான், வீட்டுக்குத் தகவல் போச்சா, ஏழு வருஷத்துக்கு உட்பட்ட குற்றம்னா கைது பண்ணாம ஆஜராகச் சொல்ற 35(3) நோட்டீஸ் குடுத்தானா, ஆள் காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறானா, எல்லாம் அந்த ரெண்டு நிமிஷத்துல பார்க்கணும். "ஐயா, இவர் முதுகைப் பாருங்க"ன்னு நீ வாயைத் திறந்தாத்தான் அது ஆர்டர்ல ஏறும். 2020-ல சாத்தான்குளத்துல அப்பாவையும் மகனையும் போலீஸ்கிட்ட அடிபட்ட உடம்போடதான் ரிமாண்ட் பண்ணி கோவில்பட்டி சப்-ஜெயிலுக்கு அனுப்பினாங்க. ரெண்டு உயிரும் போச்சு. ஆய்வு அறிக்கை எழுதுறவங்க அந்த வாசல்ல நிக்க மாட்டாங்க.

பாலாற்று_மணல்:
இன்னா சார், ஜூனியர் எல்லாம் ரிமாண்ட் வாதாடிகினு கீற மாதிரி சொல்றீங்க? நானும் அங்க இருந்தவன்தான். காலையில சீனியர் வீட்டுக்குப் போய் கட்டு எடுத்து வைக்கணும், அப்புறம் கோர்ட் கோர்ட்டா ஓடி வாய்தா வாங்கணும். வருஷக்கணக்கா அதான் வேலை. 2024 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிச்சே, சென்னை, மதுரை, கோயம்புத்தூர்ல ஜூனியருக்குக் குறைஞ்சது 20,000, மத்த ஊர்ல 15,000 தரணும்னு. சத்துவாச்சாரியில எத்தனை ஆபீஸ்ல தர்றாங்க? அடுத்தவன் உரிமைக்கு வாதாடப் போற பொண்ணு, தன் கூலியைக் கேட்க முடியாத இடத்துலயா ஆரம்பிக்கணும்?

இன்னொண்ணு. நிறைய கிரிமினல் ஆபீசுக்குக் கேஸ் வர்றதே ஸ்டேஷன் பழக்கத்துல. அந்த ஆபீஸ்ல இருந்துகிட்டு இன்ஸ்பெக்டர் மேல மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் போட முடியுமா? போட்டுப் பாருங்க.

கோட்டை_வக்கீல்:
எல்லா ஆபீசும் ஸ்டேஷன் தயவுல ஓடுறதில்ல தம்பி. நல்ல சீனியரா பார்த்துச் சேரணும், அவ்வளவுதான். வாய்தா வாங்குறதும் வேலைதான். எந்தக் கோர்ட்டுல எப்படிப் பேசணும்னு அங்கதான் படியும்.

மூணாவது_மாடி:
குற்றம் சாட்டப்பட்டவங்களுக்கு இலவசமா வாதாடுற லீகல் எய்டு டிஃபென்ஸ் கவுன்சில் பற்றி யாரும் சொல்லலையே? 2022-ல நால்சா, அதாவது தேசிய சட்டப் பணிகள் ஆணையம், கொண்டு வந்த திட்டம். அசிஸ்டென்ட் பதவிக்கு மூணு வருஷத்துக்குள் அனுபவம் இருக்கிறவங்களும் வரலாம். மாசம் தொகுப்பூதியம் உண்டு, ஆனா தனியா கேஸ் எடுக்கக் கூடாது. இடம் காலியானா விண்ணப்பிக்கலாம்.

பாலாற்று_மணல்:
நல்ல திட்டம்தான். ஆனா குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் மட்டும்தான் நிக்கலாம். அடி வாங்கினவன் சார்பா போலீஸ் மேல வழக்குப் போட அது வழியில்ல. வேலையும் ஒப்பந்தம்தான்.

ஒடுகத்தூர்_வழக்கறிஞர்:
கவி, ஒரு கட்டைப் பிரிச்சே காட்டுறேன், எதில் சேரலாம்னு நீங்களே பாருங்க.

பீஞ்சமந்தை மலைப் பையன் ஒருத்தன். ஜாமீன் ஆர்டர் வந்தாச்சு, ஆள் இன்னும் தொரப்பாடி ஜெயில்ல. ரெண்டு ஜாமீன்தாரர் வேணும், வீட்டு வரி ரசீது, சொத்து மதிப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் வேணும். மலையில அப்பாவுக்குக் கூரை வீடு, நிலத்துக்குப் பட்டா கிடையாது. மாமா ஒருத்தருக்கு வீடு இருக்கு, ஆனா அது ஆம்பூர் பக்கம். 2019-ல மாவட்டத்தை மூணாப் பிரிச்ச பிறகு ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம். "வெளி மாவட்ட சியூரிட்டி" என்று திருப்பி விட்டுட்டாங்க. கோர்ட் வாசல்லயே காசுக்கு வந்து நிக்கிற ஜாமீன்தாரர்கள் உண்டு, அவங்க கேட்கிற தொகைக்கு அந்த வீட்டில் ஆடு மாடு கூட மிச்சம் இருக்காது.

1978-லயே மோத்திராம் வழக்கில் இதே கதை. கொத்தனார் ஒருத்தருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டு, ஜாமீனுக்கு வந்த கூடப் பிறந்தவர் சொத்து வேற மாவட்டத்தில் இருக்குன்னு மறுத்தாங்க. உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் அதைத் தூக்கிப் போட்டார். 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்லியிருக்கு: ஜாமீன் கிடைச்சு ஏழு நாளில் ஆள் வெளியே வரலைன்னா சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்கணும். ஒரு மாசம் ஆகியும் ஜாமீன் பத்திரம் கட்டலைன்னா நிபந்தனையைத் தளர்த்தலாமான்னு கோர்ட் தானாவே பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேணும்னு பிடிவாதம் பிடிக்கக் கூடாது.

இத்தனை இருந்தும் அந்தப் பையன் உள்ளேதான் இருந்தான். நிபந்தனைத் தளர்வுக்கு ஒரு மனு போட்டு, இந்த ரெண்டு தீர்ப்பையும் இணைச்சு, கூப்பிடும்போது எழுந்து நின்னு சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு.

பாலாற்று_மணல்:
மேடம், நீங்க சொன்னதுலயே என் கட்சி இருக்கு. அந்த 2023 உத்தரவு எப்படி வந்துச்சு? ஜாமீன் கிடைச்சும் உள்ளே கிடக்கிறவங்க எத்தனை பேர்னு யாரோ உக்காந்து கணக்கெடுத்ததால. ஜாமீன் கட்ட வழியில்லாத விசாரணைக் கைதிக்கு அரசே பணம் தர்ற திட்டமும் அதே வருஷம் வந்தது, அப்போ 40,000 ரூபாய் வரை. நீங்க மனு போட்டு ஒருத்தரை வெளியே கொண்டு வர்றீங்க. கணக்கெடுத்தவங்க எல்லா ஜெயிலுக்கும் ஒரு விதி வாங்கிட்டாங்க.

நம்ம ஊர் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கையே எடுங்க. 1996-ல வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம்ங்கிற அமைப்பு போட்ட வழக்குல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மாசுபடுத்தினவனே காசு கட்டணும்ங்கிற விதி இந்தியச் சட்டத்தோட ஒரு பகுதின்னு அதுல சொன்னாங்க. முன்சீப் கோர்ட்டுல வாய்தா வாங்கி வந்ததா அது?

கோட்டை_வக்கீல்:
தீர்ப்பு வந்து முப்பது வருஷம் ஆகப்போகுது. பாலாத்துல இறங்கி ஒரு வாய் தண்ணி குடி பார்ப்போம். 2025 ஜனவரியில உச்ச நீதிமன்றம் அதே ஆறு, அதே தோல் கழிவுன்னு திரும்ப ஒரு தீர்ப்பு எழுத வேண்டி வந்துச்சே, ஏன்? டெல்லியில வாங்கினதை வாணியம்பாடியில யாரும் கண்காணிக்கல.

ஒடுகத்தூர்_வழக்கறிஞர்:
சார் சொல்றது பாதி சரி. கண்காணிக்க வேண்டியவங்க சம்பளம் வாங்கிட்டுத்தான் இருந்தாங்க, அதை ஜூனியர் தலையில கட்டாதீங்க.

மணல் தம்பிக்கு ஒண்ணு. அரிசி ஆலை, செங்கல் சூளையில் கொத்தடிமையா இருந்து மீட்கிற இருளர் குடும்பங்களுக்கு சப்-கலெக்டர் விடுதலைச் சான்று கொடுக்கிறார். உடனடி உதவியா 30,000 ரூபாய் வரை கிடைக்கும். மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் ரெண்டு லட்சம், ஆனா முதலாளிக்குத் தண்டனை ஆனாத்தான் அது. சாட்சிக் கூண்டில் அந்த அம்மாவை எதிர்த்தரப்பு "அட்வான்ஸ் வாங்கினது நீயேதானே? கைநாட்டு உன்னுதுதானே?" என்று கேட்கும். ஆமான்னு சொல்லுவாங்க, உண்மைதானே. அந்த முன்பணத்தால்தான் அவங்களை வெளியே விடலை என்பதை மறு விசாரணையில், அதாவது எதிர்த்தரப்பு கேட்டு முடிச்சதும் நம்ம தரப்பு அதே சாட்சியைத் திரும்பக் கேட்கும்போது, எடுத்து வைக்கணும். அரசு வக்கீலுக்கு உதவியா பாதிக்கப்பட்டவர் தரப்பில் வக்கீல் வைத்துக்கொள்ள சட்டத்தில் இடம் இருக்கு. அங்கே உட்கார்ந்திருக்கிறவருக்கு சாட்சியச் சட்டம் கையில் இல்லைன்னா கேஸ் போச்சு, பணமும் போச்சு. இதை எந்த ஆய்வு வேலையிலும் கத்துக்க முடியாது.

அதுக்காக ஓசியில் உழைக்கணும்னு நான் சொல்லலை. சம்பளம் தராத ஆபீசுக்குப் போகாதீங்க.

பாலாற்று_மணல்:
ரெண்டு லட்சத்தைத் தண்டனையோட கட்டிப் போட்டதே தப்பு மேடம். அதை மாத்தணும்னு யார் எழுதுவாங்க? நீங்க மறு விசாரணையில இருப்பீங்க.

ஒடுகத்தூர்_வழக்கறிஞர்:
அது நியாயமான கேள்வி. பதில் என்கிட்ட இல்லை.

குடியாத்தம்_கவி:
எல்லாருக்கும் நன்றி. கோட்டை வக்கீல் சார், உங்க ஆபீஸ்லயே இடம் இருந்தா ரெண்டு கேட்கணும். போலீஸ் மேல புகார் மனு வந்தா எடுப்பீங்களா? மாசம் எவ்வளவு தருவீங்க?

கோட்டை_வக்கீல்:
எடுப்பேன். இப்பவும் ஒண்ணு நடக்குது. திங்கக்கிழமை வாம்மா, பேசலாம்.

பாலாற்று_மணல்:
ரெண்டாவது கேள்வி, சார்.