ஸ்பிளாஷ் பாட் போனால் மகளின் உள்ளங்கால் தோல் உரியுது. எந்தச் சப்பாத்து?

கனடாவில், ரொறன்ரோ ஸ்கார்பரோவில் இருக்கிறம். மகளுக்கு 4 வயது, சின்னப்பிள்ளை அளவில் 9, பாதம் கொஞ்சம் அகலம். யூன் தொடக்கத்திலிருந்து கிழமைக்கு மூன்று தரம் வீட்டுக்குக் கிட்ட உள்ள பூங்காவின் ஸ்பிளாஷ் பாட்டுக்கு (பிள்ளைகள் நனைந்து விளையாடத் தண்ணி பீச்சியடிக்கிற இடம்) போறம். காசு கட்டத் தேவையில்லை, நடக்கிற தூரம், பிள்ளைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பாகப் போட்ட கொங்கிரீட் தரை. அரை மணித்தியாலம் நனைந்து தோல் ஊறின பிறகு, தண்ணி நின்றதும் திரும்ப வரவைக்கிற பொத்தானை அமத்த ஓடுவா. அந்த ஓட்டத்தில்தான் உரசுது. இரண்டு பெருவிரலின் அடியிலும் காசளவு ரோஸ் நிறத்தில் உரிந்திருக்கு. இரவு குளிக்க வார்த்தால் அழுகை. கடி, தடிப்பு ஒன்றும் இல்லை. டொக்டர் பார்த்து, உரசல்தான், தொற்று இல்லை என்றார்.

துளை போட்ட ரப்பர் செருப்பு ஓடும்போது கழன்று போகுது, ஒருதரம் விழுந்தும் விட்டா. துணிச் சப்பாத்துக்குள் தண்ணி தேங்கி, குதிக்காலில் கொப்புளம். பிளாஸ்டர் பத்து நிமிசம் தாங்காது. வாசலின் பூசினால் வழுக்குது, அதை ஒருவரும் செய்யாதேங்கோ. நாலு நாள் போகாமல் விட்டால் ஆறுது, போனால் திரும்பவும் அதே.

செப்டம்பர் நடுப்பகுதி வரைக்கும் தண்ணி ஓடும், மறிக்க ஏலாது. அகலமான பாதத்துக்குக் கழலாமல், தண்ணி உடனே வடியிற சப்பாத்து உங்கட பிள்ளைகளுக்கு எது சரிவந்தது?