மறு: டிஎம்ஏ "மேப்" – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம். டிஎம்ஏ என்பது, ஒவ்வொரு பைட்டையும் பிராசஸர் நகர்த்தாமல், ஒரு கருவியே நேரடியாக நினைவகத்தைப் படிப்பதும் எழுதுவதும். நம் கணினிக் கலைச்சொல் பட்டியலில் அதன் சொற்களைப் பற்றி வந்த கேள்வி:

> "மேப்" என்பதற்குப் "பொருத்தல்", "அன்மேப்" என்பதற்குப் "பொருத்தல் நீக்கம்" என்று பட்டியலில் சேர்த்துவிடலாமா?

சேர்க்கலாம், அகராதிப்படி தப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லை நம்பி ஒருவர் டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) எழுதினால் எங்கே வழுக்குவார் என்று எனக்குத் தெரியும். நானே அங்கேதான் வழுக்கினேன்.

டிஎம்ஏவுக்கு "நேரடி நினைவக அணுகல்" என்ற பெயரில் நான் கை வைக்கவில்லை. அணுகலா அணுக்கமா என்ற பழைய வழக்கை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். பஃபர் (தரவு வைக்கும் நினைவகத் துண்டு), கேஷ் (பிராசஸர் நகல் வைத்துக்கொள்ளும் சிறு வேக நினைவகம்) இரண்டையும் அப்படியே எழுதுகிறேன். ஒரு மடலுக்கு ஒரு சண்டை போதும்.

லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரு டிரைவர் மேப் செய்ய டிஎம்ஏ_மேப்_சிங்கிள் என்று அழைக்கும்போது இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, முகவரி. ஒரே இடத்தைப் பிராசஸர் ஒரு முகவரியால் அறியும், கருவி வேறு முகவரியால் அறியும். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் முதல் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். புறக்கருவிகளின் ரெஜிஸ்டர்கள் (அவற்றைக் கட்டுப்படுத்தும் சிறு இடங்கள்) பிராசஸருக்குப் பதினறும எண்முறையில் 20 என்று தொடங்கும் முகவரியில் இருக்கும். சிப்பின் கையேட்டிலோ அதே ரெஜிஸ்டர்கள் 7ஈ என்று தொடங்கும். தரவை நகர்த்தும் டிஎம்ஏ கன்ட்ரோலருக்குக் கொடுக்க வேண்டியது இரண்டாவது. இந்த வேலைக்குப் "பொருத்தல்" நல்ல சொல்தான்.

ஆளைக் கவிழ்ப்பது இரண்டாவது வேலை. மேப் செய்ததிலிருந்து அன்மேப் செய்யும்வரை அந்த பஃபர் பிராசஸருடையது அல்ல, கருவியுடையது. நாம் எழுதி, இன்னும் கேஷிலேயே தங்கியிருப்பதை மேப் நினைவகத்துக்கு இறக்கிவிடும். கருவி எழுதி முடித்தபின், கேஷில் கிடக்கும் பழைய நகலை அன்மேப் தூக்கி எறியும். நடுவில் நாம் எழுதக் கூடாது, படிக்கவும் கூடாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு சென்சாரிலிருந்து அளவீடுகளை எடுக்கும் டிரைவர் எழுதினேன். ஆரம்பத்தில் ஒரு தடவை மேப் செய்துவிட்டு, அதே பஃபரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினேன். "பொருத்தியாச்சே, இன்னும் என்ன" என்ற நினைப்பு. மேசைக் கணினியில் பிழையே இல்லை, ஏனென்றால் அங்கே கேஷையும் கருவியையும் வன்பொருளே இணக்கமாக வைத்துக்கொள்ளும். ஆர்ம் பிராசஸர் உள்ள ஒரு போர்டில் ஏற்றினேன். முதல் சுற்று சரி. இரண்டாவது சுற்றிலிருந்து நடுநடுவே போன சுற்றின் எண்கள்! சென்சாரைச் சந்தேகப்பட்டேன், சால்டரிங்கைச் சந்தேகப்பட்டேன், இரண்டு நாள் போனது. கடைசியில் எண்களைத் தாளில் அச்சடித்துப் பேனாவால் வட்டமிட்டபோதுதான் கண்ணில் பட்டது: பழைய எண்கள் சரியாக 32, 32 ஆக வருகின்றன. ஓர் அளவீடு 2 பைட், 32 அளவீடு 64 பைட், அந்தப் பிராசஸரின் ஒரு கேஷ் வரி (கேஷ் ஒரே தடவையில் கையாளும் அலகு) 64 பைட். சென்சார் பாவம், ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. நான்தான் நினைவகத்தைப் படிக்காமல் கேஷைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் என் முன்மொழிவு: மேப் = ஒப்படைப்பு, அன்மேப் = மீட்பு.

> "குத்தகை" எப்படி? பஃபரைக் கருவிக்குக் குத்தகைக்கு விடுகிறோம்.

எனக்கும் பிடித்தது. ஆனால் குத்தகைக்கு விட்ட வயலை வரப்பில் நின்று பார்க்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே எட்டிப் பார்ப்பதே தப்பு. அதைவிட அடகு நெருக்கமான உவமை. கடையில் வைத்த நகையை மீட்கும்வரை போட முடியாது. "அடகு" என்றே பட்டியலில் போட எனக்குத் துணிச்சல் இல்லை, ஆனால் வகுப்பில் விளக்கும்போது சொல்வேன்.

அடுத்து, சிங்க். மீட்காமலேயே கொஞ்ச நேரம் பஃபரை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர இரண்டு அழைப்புகள் உண்டு. நான் செய்யாமல் விட்டதும் அதைத்தான். கல்யாணத்துக்குப் போக ஒரு நாள் நகையைக் கேட்டு வாங்குகிற மாதிரி (எந்த அடகுக்கடைக்காரர் தருவார் என்று கேட்காதீர்கள்). இதற்கு "ஒத்திசைவு" என்று பட்டியலில் இருக்கிறது. கைபேசித் தொடர்புகளை ஒத்திசைக்கிறோமே, அந்தப் பொருளில் எல்லாருக்கும் பழகிவிட்டது, அதாவது இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும் என்று. இங்கே நடப்பது அதுவல்ல, பஃபர் இப்போது யார் கையில் என்பது மாறுகிறது. கைமாற்று என்று வைத்தால் என்ன? அந்த இரண்டு அழைப்புகளில் ஃபார்_சிபியு என்பது கைமாற்று வாங்குவது, ஃபார்_டிவைஸ் என்பது கைமாற்றைத் திருப்புவது. வாங்கினால் திருப்ப வேண்டும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

இந்த மேப் முறையின் பெயரான "ஸ்ட்ரீமிங்" என்பதை "ஓடை" ஆக்கியதை எடுத்துவிடலாம். அங்கே எதுவும் ஓடவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒப்படைத்து மீட்கிற முறை, அவ்வளவுதான். "ஒப்படைப்பு முறை" போதும். மற்றொன்று, "கொஹிரன்ட்", இரண்டு பேரும் எப்போதும் ஒரே உள்ளடக்கத்தைக் காணும் நினைவகம். "ஒரேபார்வை நினைவகம்" என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே முழுத் திருப்தி இல்லை.

மற்றவை சுருக்கமாக. "சிதறல்-திரட்டல்" (நினைவகத்தில் சிதறிய துண்டுகளை ஒரே பரிமாற்றமாக நகர்த்துவது) இருக்கட்டும். பவுன்ஸ் பஃபருக்கு "துள்ளல் இடையகம்" வேண்டாம், சிரிப்பு வருகிறது. கணினியில் செருகும் பழைய ஐஎஸ்ஏ கார்டுகளால் நினைவகத்தின் முதல் 16 எம்பிக்கு மேல் எட்ட முடியாது, அதனால் மேலே இருக்கும் தரவைக் கீழே ஓரிடத்தில் நகலெடுத்து இறக்கி வைத்துத் தருவார்கள். அது "இடைத்தங்கல்". டிஎம்ஏ எஞ்சினின் (டிஎம்ஏ கன்ட்ரோலர்களைக் கையாளும் கெர்னல் பகுதி) "ஸ்லேவ்" என்பதை "அடிமை" என்று யாரும் எழுத வேண்டாம், "புறக்கருவி" என்றாலே பொருள் சரியாக வருகிறது. அதே எஞ்சினில் "சப்மிட்" செய்தால் பரிமாற்றம் தொடங்காது, வரிசையில்தான் சேரும்; "இஷ்யூ பெண்டிங்" அழைத்தால்தான் நகரும். பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டோம், நடத்துநர் இன்னும் விசில் கொடுக்கவில்லை. எனவே "சமர்ப்பி" வேண்டாம். "வரிசையில் சேர்", "கிளப்பு".

---

மறுபடியும் வணக்கம். காலையில் வந்த பதிலுக்கு:

> ஒப்படைப்பு என்றால் முகவரி மாற்றம் எங்கே போயிற்று? பாதிப் பொருளை விட்டுவிட்டீர்கள்.

நியாயமான கேள்வி. இரவெல்லாம் எனக்கும் இதுதான் உறுத்தியது. அடகுக்கடையே பதில் சொல்கிறது என்று நினைக்கிறேன்: நகையை ஒப்படைத்தால் ஒரு சீட்டு தருவார்கள். மேப் அழைப்பு திருப்பித் தரும் எண் அந்தச் சீட்டுதான். அதைத்தான் கருவியிடம் கொடுக்கிறோம், மீட்கும்போதும் அதைத்தான் காட்டுகிறோம். நடுவில் ஐஓஎம்எம்யு (கருவிகள் தரும் முகவரிகளை மாற்றித் தரும் வன்பொருள்) இருந்தால் அந்த எண்ணுக்கும் நினைவகத்தின் உண்மையான முகவரிக்கும் ஒரு தொடர்பும் இருக்க வேண்டியதில்லை. அந்தச் சீட்டு எண்ணுக்குக் கருவி முகவரி என்று தனிச்சொல் கொடுத்துவிட்டால், "ஒப்படைத்துக் கருவி முகவரி பெறு" என்று ஒரே வாக்கியத்தில் இரண்டு வேலையும் வந்துவிடும். ஒப்படைப்பு தோற்கவும் செய்யலாம் என்பதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். சீட்டு செல்லுமா என்று பார்க்காமல் கருவியிடம் நீட்டுகிற டிரைவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒப்படைப்பு, மீட்பு, கைமாற்று, கருவி முகவரி நான்கையும் இந்த வாரம் பட்டியலில் ஏற்றுகிறேன், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். "ஒரேபார்வை"க்கு யாராவது நல்ல சொல் தந்து என்னைக் காப்பாற்றுங்கள்.